எங்கட வேனின் டர்போ கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவு வாசியுங்கள். ஆனால் வேன் ஓட்டுபவர்கள், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புபவர்கள், கராஜில் நிற்கும் எங்கட பழைய மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

போன கிழமை ஊர்க் குழுமத்தில் ஒரு தம்பி தன் வண்டியின் வீடியோவைப் போட்டிருந்தார். சைலன்சரில் இருந்து பட் பட் என்று வெடிச் சத்தம், பின்னால் நெருப்புப் பொறி. கீழே நூற்றுக்கணக்கில் லைக். ஒருவர் எங்களையும் இழுத்து, "சேர்மார் வேனுக்கும் ஏதோ செஞ்சீங்களாமே, ஏத்தத்தில பறக்குதாமே, என்ன செஞ்ச?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில்தான் இது. பறக்கவில்லை. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் 'நாங்கள்' யார் என்று சொல்ல வேண்டும். பதுளையில் இருந்து பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய்வரும் ஏழு ஆசிரியர்கள். இரண்டு முஸ்லிம், நான்கு தமிழ், ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு சிங்கள டீச்சர். பஸ்ஸை நம்பினால் காலையில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் எங்களில் மூன்று பேர் இடர் கடன் எடுத்து, 2021இல் ஒரு பழைய வேனை வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோன பிறகு பழைய இரும்புக்கும் தங்க விலை என்பது உங்களுக்குத் தெரியும். 1990களில் ஜப்பானில் செய்த இரண்டு லீற்றர் டீசல் எஞ்சின். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம் என்று சொன்னாலும் பொய்யில்லை.

பதுளை நகரம் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேலே. ஹாலிஎல, தெமோதரை, கும்பல்வெல என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். 7.30க்கு மணி அடிக்கும். அதற்குப் பிறகு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. அதற்குக் கீழே கையெழுத்து வைக்கும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கே வெட்கமாக இருக்கும்.

எங்கட வேனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே இழுக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். அதற்குப் பிறகு விசில் மாதிரி ஒரு சத்தம் வந்து, கொஞ்சம் இழுக்கும். நாங்கள் அதை "வேன் யோசிக்குது" என்று சொல்லிச் சிரிப்போம்.

2024 பெப்ரவரியில் அந்தச் சிரிப்பு நின்றது. தெமோதரைப் பக்கம் ஏறும்போது முன்னால் ஒரு சீமெந்து லொறி. பின்னாலேயே பத்து நிமிடம் புகை குடித்துக்கொண்டு வந்தோம். மணி ஏழு தாண்டிவிட்டது. ஓட்டியது எங்களில் கணக்கு படிப்பிப்பவர். பாதை நேராக வந்த ஒரு இடத்தில் வெளியே எடுத்து மிதித்தார். வேன் யோசித்தது. லொறியின் நடுப்பகுதிக்கு நேரே நாங்கள் நின்ற மாதிரி இருந்தது. மேலே வளைவில் பஸ் ஒன்றின் முகம் தெரிந்தது. டீச்சர் ஒருவர் கத்தினார். அந்த லொறிக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. பிரேக் போட்டு, ஓரம் ஒதுங்கி, எங்களை உள்ளே விட்டார். பஸ் உரசாமல் போனது. அல்ஹம்துலில்லாஹ். அன்று 7.20க்கே பாடசாலைக்குப் போய்விட்டோம். கையெழுத்து வைக்கும்போது எங்களில் ஒருவருடைய கையும் நேராக நிற்கவில்லை.

அன்று பின்னேரம் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: வேனுக்குப் பவர் போதாது, கூட்ட வேண்டும். முடிவு பிழை. ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றியது.

இந்த டர்போ என்ன செய்கிறது என்பதை எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லும் மாதிரியே சொல்கிறோம். எஞ்சினில் டீசல் எரிய காற்று வேண்டும். காற்று எவ்வளவு கூட உள்ளே போகுதோ, அவ்வளவு டீசலை ஒழுங்காக எரிக்கலாம். எரிந்து சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறிய காற்றாடியைச் சுற்ற வைத்து, அதே தண்டின் மறுபக்கத்தில் உள்ள இன்னொரு காற்றாடியால் வெளிக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. நன்றாகச் சுற்றும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலே சுற்றும். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும். நாங்கள் மிதித்த பிறகுதான் புகை கூடி, காற்றாடி வேகம் பிடித்து, காற்று வரும். அந்த இடைவெளிதான் எங்கட வேனின் 'யோசனை'. மெக்கானிக்மார் 'லேக்' என்பார்கள்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சாமான் மற்றவர்களைவிடத் தேவை. உயரம் போகப் போகக் காற்று மெலிது. அப்புத்தளை உயரத்தில், அதாவது 1,400 மீற்றர் அளவில், காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். டர்போவின் பழைய கதையும் மலையில்தான் நடந்தது. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மொஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, பைக்ஸ் பீக் என்ற 14,000 அடி மலையின் உச்சிக்குக் கொண்டுபோனார். டர்போ பூட்டியபோது அந்த எஞ்சின் கடல் மட்டத்தில் கொடுத்த வலுவை அந்த மெலிந்த காற்றிலும் கொடுத்தது. எங்கட நமுனுகுல மலையின் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட உயரம் அது.

சரி, எங்கட கதைக்கு வருவோம். பவர் கூட்ட வேண்டும் என்று வாய் திறந்ததும் ஊரே மெக்கானிக் ஆனது. வந்த ஆலோசனைகளை வரிசையாக எழுதுகிறோம், ஏனென்றால் இதே ஆலோசனைகள் உங்களுக்கும் வரும்.

முதலாவது, டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பது. டீசல் பம்புக்குள் இருக்கும் நுணுக்கமான இரும்புகளுக்கு டீசல்தான் எண்ணெய்ப் பிடிப்பும். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்ப் தேயும். அது ஒரு பக்கம். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற லயத்துத் தாய்மாரை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த அடுப்பு எண்ணெயை வேனுக்கு ஊற்ற எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இரண்டாவது, காற்றுக் குழாயில் பூட்டும் 12 வோல்ட் மின் விசிறி, 'எலக்ட்ரிக் டர்போ' என்ற பெயரில் ஒன்லைனில் விற்பது. இதற்கு எங்கட கணக்கு சேர் பலகையில் எழுதியே விடை சொன்னார். இரண்டு லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால், அது சாதாரணமாகவே நிமிடத்துக்கு 3,000 லீற்றர் காற்றை இழுக்கும். அந்த ஓட்டத்தை ஒரு டர்போ மாதிரி அமுக்க நான்கைந்து கிலோவாட் வேண்டும். 12 வோல்ட் பற்றறியில் அதற்கு 400 அம்பியருக்குக் கிட்டப் போகும். எங்கட வேனின் ஒல்டனேற்றர் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தராது. ஆகவே அந்தச் சின்ன விசிறி காற்றைத் தள்ளாது, போகும் காற்றை மறிக்கும். மின்சாரத்தால் காற்றை அமுக்குவது பொய் என்று நினைக்காதீர்கள். அவுடி கம்பனி 2016இல் எஸ்.கியூ 7 என்ற டீசல் வண்டியில் அதைச் செய்தது. ஆனால் அதற்காக 48 வோல்ட் மின்சார அமைப்பையே தனியாக வைத்தது.

மூன்றாவது, சமையல் காஸை காற்றுக் குழாயில் விடுவது. இதைப் பற்றி ஒரே வசனம்: ஏழு ஆசிரியர்கள் இருக்கும் மூடிய வேனுக்குள் காஸ் சிலிண்டர் வைப்பதைப் பற்றிப் பேசக்கூட மாட்டோம்.

நான்காவது, சைலன்சரை வெட்டி எறிவது. காலை ஆறு மணிக்குப் பள்ளிவாசல் வீதியால் போகும் வேன். நோயாளிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகள். வேண்டாம் என்றோம்.

ஐந்தாவதைச் சொன்னவன் எங்கட பழைய மாணவன். பத்து வருடத்துக்கு முன் எங்கட வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கொப்பியில் கார் கீறியவன், இப்போது ஒரு கராஜில் நல்ல கைக்காரன். "சேர், ஒண்டும் மாத்தத் தேவல்ல. டீசல் பம்பில ஒரு ஸ்க்ரூ ஈக்கி. அத ஒரு கொஞ்சம் உள்ளுக்கு சுத்தினாப் போதும். காசும் வேணாம்" என்றான். காசு வேண்டாம் என்ற சொல் எங்களுக்குப் பிடித்தது.

சுற்றினான். முக்கால் சுற்று. பிள்ளை நல்ல பிள்ளை, பழைய இடம் தெரிய வெள்ளைப் பெயின்ரால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் சுற்றினான். அடுத்த நாள் வேன் இழுத்தது, உண்மை. தெமோதரை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போனோம். எல்லாருக்கும் சந்தோஷம். பின் கண்ணாடியைப் பார்த்த டீச்சர்தான், "பின்னுக்கு ரோட்டே தெரியல்ல" என்றார். கறுப்புப் புகை. காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் எரியாத டீசல் கரியாக வெளியே வரும். படிப்பிக்கும் எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒரு மாதம் ஓடினோம், நோன்பு மாதம் உட்பட.

பாடசாலைக்குப் போகும் தோட்டப் பாதை ஒடுக்கமானது. எங்கட பிள்ளைகள் அந்தப் பாதையால்தான் நடந்து வருவார்கள். வேன் வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்று "குட் மோர்னிங் சேர்" என்று கை காட்டுவார்கள். நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கை காட்டவில்லை. பாவாடையின் வெள்ளையால் மூக்கை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது. வகுப்பில் அந்தப் பிள்ளை இழுத்து இழுத்து இருமியது. அதற்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது, தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாங்கள், தினமும் காலையில் பாதையில் தொல்லையைக் கொட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அன்று நோன்பு திறக்கும்போது ஈத்தம்பழம் தொண்டையில் இறங்கவில்லை.

அதே கிழமையில் அப்புத்தளைக்கு ஒரு மையித்து வீட்டுக்குப் போனபோது சூட்டு முள் சிவப்புக்குக் கிட்ட ஏறியது. கூடுதல் டீசல், கூடுதல் சூடு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எஞ்சின் தலை வெடித்திருக்கும். இடர் கடனில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

"சேர், அப்ப அன்டிலேக் போடுவோமா?" என்று மாணவன் கேட்டான். அவனுக்குக் கார் ஓட்டப் போட்டிகளில் பைத்தியம். மஹகஸ்தொட்ட, தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஒன்றையும் விடமாட்டான். நீங்கள் வீடியோவில் பார்த்த வெடிச் சத்தத்தின் மூலம் இதுதான். ரலி கார்களில், ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் கொஞ்சம் எரிபொருளையும் காற்றையும் விட்டு, அதை எஞ்சினுக்குள் அல்லாமல் புகைக் குழாயில் எரிய வைப்பார்கள். அந்த வெடிப்பு டர்போவின் காற்றாடியை விடாமல் சுற்ற வைக்கும். மறுபடி மிதித்தவுடன் பவர் தயாராக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் டர்போவும் குழாயும் சீக்கிரம் செத்துப்போகும். போட்டிக்காரர்களுக்கு மாற்றிப் போட ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. அதோடு அது பெற்றோல் எஞ்சினின் வித்தை, எங்கட டீசலுக்குப் பொருந்தாது. வீதியில் ஓடும் சில கார்களில் கேட்பது அதுகூட இல்லை, சத்தத்துக்காக மட்டும் செய்யும் வெடிப்பு. லேக் ஒரு துளியும் குறையாது.

இந்த லேக்கை வெல்ல உலகத்தில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று அவனோடு இருந்து தேடிப் பார்த்தோம். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, ஆனால் வீண் போகவில்லை.

அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் 1962இல் வந்தது. டர்போ பூட்டி விற்ற முதல் கார்களில் ஒன்று. எஞ்சின் சூட்டில் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் வைத்து உள்ளே தெளித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் வாங்கியவர்கள் அந்தத் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். இரண்டே வருடத்தில் கார் நின்றுபோனது.

இத்தாலியின் லன்சியா டெல்டா எஸ் 4 ரலி கார் 1985இல் வந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெல்ட்டால் சுற்றும் சூப்பர்சார்ஜர், வேகம் பிடித்த பிறகு டர்போ, இரண்டும் ஒரே எஞ்சினில். லேக் என்ற சொல்லே இல்லை. 1986 மே 2ஆம் திகதி கோர்சிகா மலைப் பாதையில் அந்தக் கார் வளைவில் இருந்து விழுந்து எரிந்தது. ஓட்டிய ஹென்றி டொய்வனனும் கூட இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த வகைக் கார்களையே அடுத்த வருடத்தில் இருந்து போட்டியில் தடை செய்தார்கள்.

1995இல் டொயோட்டாவின் ரலி அணி இன்னொரு விதமாகச் செய்தது. எல்லாக் கார்களும் 34 மில்லிமீற்றர் துவாரத்தால்தான் டர்போவுக்குக் காற்று எடுக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் அந்த வளையத்தை மிக நுட்பமாகச் செய்தார்கள். குழாயை இறுக்கிப் பூட்டினால் வளையம் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தால் கள்ளக் காற்று போகும். சோதிக்கக் கழற்றினால் தானே மூடிக்கொள்ளும். பிடிபட்டார்கள். பன்னிரண்டு மாதத் தடை. பரீட்சை மண்டபத்தில் துண்டு மறைக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிடிக்கும் எங்களுக்கு, இதை வாசித்து ஒரு பக்கம் கோபமும் ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. இவ்வளவு மூளையையும் நேராகச் செலவழித்திருக்கலாமே.

வொல்வோ 2016இல் டீசல் காரில் செய்ததுதான் எங்களுக்குப் பிடித்தது. ஒரு சின்னத் தாங்கியில் காற்றை அமுக்கி வைத்து, மிதித்தவுடன் அந்தக் காற்றைப் புகைப் பக்கம் ஊதி டர்போவைச் சுற்ற வைப்பது. அடுப்பு ஊதும் குழல் மாதிரி. எளிமையான யோசனை. ஆனால் அதைச் சரியான நேரத்தில் திறந்து மூடக் கணினி வேண்டும். எங்கட வேனில் கணினி இல்லை, கைப்பிடி சுற்றித்தான் கண்ணாடி இறங்கும்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஏப்ரல் 21ஆம் திகதி வந்தது.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு. தியத்தலாவை பொக்ஸ் ஹில். ஓட்டப் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டுப் பாய்ந்து ஆட்கள் நின்ற பக்கம் போனது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பெண் பிள்ளையும் ஒன்று. எங்கட மாவட்டம் அன்று எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விபத்தின் காரணத்தைப் பேச நாங்கள் ஆட்கள் இல்லை, பேசவும் இல்லை. எங்கட மாணவன் அன்று அங்கே இருந்தான், வேறொரு வளைவில். அன்றிரவு எங்களுக்கு அழைப்பு எடுத்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சேர், நாளைக்கு வேனக் கொண்டு வாங்க. அந்த ஸ்க்ரூவ பழைய எடத்துக்கு வெப்பம்" என்றான்.

வெள்ளைப் புள்ளிக்கே திருப்பி வைத்தான். வேன் மறுபடி யோசிக்கத் தொடங்கியது. நாங்கள் மறுபடி சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தோம்.

மே மாதம் எங்கட தமிழ் டீச்சர்தான் சொன்னார், தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், ஒருக்கால் காட்டுவோம் என்று. எழுபது வயதுக்கு மேல். வெற்றிலை வாய். வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "பவர கூட்டணும்னு சொல்றீங்களே சார், இருக்கிற பவர் எங்க போகுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். ஏழு ஆசிரியர்களும் முழித்தோம்.

ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கலக்கச் சொன்னார். எயார் பில்டரைக் கழற்றி, அந்தக் குழாய் வாயை ஒரு ரப்பர் தட்டால் அடைத்து, அதில் வைத்த வால்வு வழியாக டயருக்குக் காற்று அடிக்கும் பம்பால் மெதுவாகக் காற்று விட்டார். கூட விடக்கூடாது, சீல்கள் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஒரு தூரிகையால் எல்லாக் குழாய்களிலும் சவர்க்காரத் தண்ணீரைப் பூசினார். இரண்டு இடத்தில் நுரை பொங்கியது.

முதலாவது, டர்போவில் இருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய ரப்பர் குழாய். கிளிப்புக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில் வெடித்திருந்தது. டர்போ அமுக்கிய காற்றில் ஒரு பங்கு அதால் வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதுதான் பெரிய விஷயம். பென்சில் மொத்தத்தில் ஒரு சின்னக் குழாய், காற்றுப் பக்கத்தில் இருந்து டீசல் பம்பின் தலைக்குப் போவது. அது காய்ந்து பிளந்திருந்தது. அந்தக் குழாயின் வேலை பம்புக்குச் செய்தி சொல்வது: "டர்போ காற்றுத் தள்ளுது, அதற்கேற்ற மாதிரி டீசலைக் கூட்டு" என்று. குழாய் பிளந்தால் செய்தி போகாது. டர்போ வேலை செய்தாலும் பம்புக்குத் தெரியாது. டீசல் கூடாததால் புகை கூடாது, புகை கூடாததால் டர்போவும் வேகம் பிடிக்கப் பிந்தும். எங்கட வேன் யோசித்ததற்கு இதுதான் காரணம். நாங்கள் ஸ்க்ரூவைச் சுற்றியபோது காற்று இருக்கோ இல்லையோ எல்லா நேரத்திலும் டீசலைக் கூட்டிவிட்டோம். அதுதான் அந்தக் கரி.

எயார் பில்டரைத் தட்டியபோது கீழே விழுந்த தோட்டத்துப் பாதைத் தூசியில் ஒரு பூச்சட்டி நிரப்பலாம். புகைப் பக்கம் ஒரு கஸ்கட்டும் ஊதியது. டர்போவுக்குப் போக வேண்டிய புகை அதால் வீணாகப் போனது.

இரண்டு குழாய், ஒரு பில்டர், ஒரு கஸ்கட், நான்கு கிளிப். பவர் கூட்டுவதற்காக ஒன்லைனில் பார்த்த சாமான்களில் ஒன்றின் விலைகூட வரவில்லை. பெரியவர் கூலி கேட்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்தோம். கிளம்பும்போது இன்னொன்று சொன்னார்: "மேடு வந்த பொறகு மிதிக்காதீங்க சார். மேடு வாறதுக்கு முன்னுக்கே கியரைக் கொறச்சிப் புடிங்க. எஞ்சின் சுத்திக்கிட்டு இருந்தா டர்போ தூங்காது."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நாங்கள் வாசிக்கவில்லை. நாங்கள் டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, எப்போதும் பெரிய கியரில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஏற்றத்தில் நசுக்கியிருக்கிறோம். இப்போது வளைவுக்கு முன்னாலேயே ஒரு கியர் குறைக்கிறோம். எங்கட வேனுக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே விடாமல் இருந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியது இப்போது ஒன்று எண்ணுவதற்குள் முடிகிறது. புகை இல்லை. மேலே ஏறி நின்ற உடனே எஞ்சினை நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிடுகிறோம், சூடாக இருக்கும் டர்போவுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய் மாற்றும் திகதியை நாட்குறிப்பில் எழுதி வைக்கிறோம். கூரையில் சும்மா கிடந்த இரும்புக் கரியரைக் கழற்றிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவர் என்று நாம் பேசுவதெல்லாம் ஏறுவதைப் பற்றி. எங்கட ஊவாவில் உயிர்கள் போனது அதிகம் இறங்கும்போதும் விலகும்போதும். 2021 மார்ச் 20 பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை மறக்க முடியுமா? 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல வெல்லவாய வீதியில், தங்காலையில் இருந்து சுற்றுலா வந்து திரும்பிய பஸ் விழுந்து பதினைந்து பேர் போனார்களே. எந்த டர்போவும் இறக்கத்தில் உதவாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது என்று பழைய லொறிக்காரர்கள் சொன்னதுதான் இன்றும் சட்டம். பவர் கூட்ட வைத்திருக்கும் காசு உங்களிடம் இருந்தால், முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் செலவழியுங்கள்.

எங்கட மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போதும் கராஜில்தான். இப்போதும் கார் பைத்தியம்தான், அது போகாது, போகவும் வேண்டாம். ஆனால் யாராவது பவர் கூட்டக் கேட்டு வந்தால், அவன் முதலில் சவர்க்கார வாளியைத்தான் எடுக்கிறானாம். பத்து வண்டியில் பாதிக்கு மேல் அங்கேயே வேலை முடிகிறது என்கிறான். அந்தப் பெரியவரிடம் இரண்டு ஞாயிறு போய் இருந்து கற்றுக்கொண்டான்.

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டது. காலையில் பாதையில் மறுபடி கை காட்டுகிறது. எங்களுக்கு அது போதும்.

சிவப்புக் கோடு? சொல்லத்தான் வேண்டும். போன மாதம் இரண்டு நாள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைத்தோம். முன்னால் லொறி, வளைவு, விலக இடமில்லை. வேனில் பவர் இருந்தது. மிதித்தால் இழுத்திருக்கும். பின்னாலேயே போனோம். கணக்கு சேர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர்மார் பின்னால் கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது ஐந்து மணி ஐம்பதுக்குப் பதிலாக ஐந்து மணி நாற்பதுக்குக் கிளம்புகிறோம். பத்து நிமிடம் முந்திக் கிளம்புவதும் பவர் கூட்டும் வழிதான், அதற்கு ஸ்பெனர் தேவையில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கட வீட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள். மாணவனும் வருவான், பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழாயும் பில்டரும் பார்த்துத் தருவோம், கூலி இல்லை. சவர்க்காரமும் வாளியும் எங்கட பொறுப்பு, பிளேன்டீயும் கொடுப்போம். இன மதம் பார்க்காமல் எல்லாரும் வரலாம்.

வீடியோ போட்ட தம்பி, கோபிக்க வேண்டாம். உங்களையும் எதிர்பார்க்கிறோம். அந்த வண்டியையும் கொண்டு வாருங்கள்.

எங்கட பாதைகளில் போகும் எல்லாரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அன்று ஓரம் ஒதுங்கிய அந்த லொறிக்காரருக்காகவும் ஒரு துஆச் செய்யுங்கள்.